பக்கம் கட்டத் தெரிந்தால் வலை தெரியும்: வேலூர் மாடி வகுப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில், ஞாயிறுதோறும் காலையில், எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு இணையப் பாதுகாப்பையும் வலைப்பக்கம் கட்டுவதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கிறோம். மொத்தம் 12 வாரம். கட்டணம் கிடையாது. சேர்க்க வரும் பெற்றோர் மாடிப்படியில் நின்றபடி கேட்பவற்றையும், சேர்ந்த பிள்ளைகள் நடுநடுவே கேட்பவற்றையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். ஒரே பதிலை வாரம் நான்கு முறை சொல்லித் தொண்டை கட்டிக்கொள்வதைவிட இது மேல்.

பாதுகாப்பாக இருக்கச் சொல்லிக்கொடுத்தால் போதாதா? வெப்சைட் கட்டுவதெல்லாம் எதற்கு?

தொடக்கத்தில் நாங்களும் பாதுகாப்பை மட்டும்தான் சொன்னோம். தெரியாத இணைப்பைத் தொடாதே, ஓடிபியை யாருக்கும் சொல்லாதே, முகம் தெரியாதவரிடம் பேச்சு வளர்க்காதே. எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்த மாதம் இலவச ரீசார்ஜ் என்று ஒரு செய்தி ஊரெல்லாம் சுற்றியது. தலையாட்டியவர்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்திருந்தார்கள். அது கேட்டபடியே பத்துப் பேருக்கு அனுப்பியும் இருந்தார்கள்.

இப்போது மூன்றாவது வாரத்திலேயே இணைப்பை அவர்கள் கையாலேயே எழுத வைக்கிறோம். வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லில் இணைப்புக்கு ‘ஏ’ என்று ஒரு டேக், அதாவது ஒரு குறி, உண்டு. அதில் நிரப்ப இரண்டு இடங்கள். ஒன்று கண்ணுக்குத் தெரியும் சொல். மற்றது, விரல் பட்டால் போய்ச் சேரும் முகவரி. இரண்டும் ஒத்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ‘வேலூர்க் கோட்டை’ என்று எழுதச் சொல்லி, முகவரியில் இலவம்பாடி முள் கத்தரிக்காய்ப் படத்தை வைக்கச் சொல்வேன். கோட்டையைத் தொட்டால் கத்தரிக்காய் வரும். மாடியே சிரிக்கும். சிரிப்பு அடங்கும்போது யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “அப்படியென்றால் பேங்க் பெயரைப் போட்டுவிட்டு வேறு எங்கே வேண்டுமானாலும் அனுப்பலாமா, சார்?” இந்தக் கேள்வி அவர்கள் வாயிலிருந்து வருவதற்காகத்தான் வெப்சைட்.

ஐந்தாவது வாரம், பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் இரண்டு கட்டங்களை வரைகிறோம். நான்கைந்து வரிதான். பாஸ்வேர்டு புள்ளி புள்ளியாகத் தெரிவது பக்கத்தில் நிற்பவரிடமிருந்து மறைப்பதற்கு மட்டுமே, பக்கத்தைக் கட்டியவர் நினைத்தால் அதை முழு எழுத்தாகவே படிக்கலாம் என்று காட்டும்போது முகங்கள் மாறும். அன்று மாலையே இரண்டு மூன்று பேர் வீட்டில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டதாக வந்து சொல்வார்கள்.

இதைக் கற்றுக்கொண்டு பிள்ளைகளே ஏமாற்றத் தொடங்கிவிட்டால்?

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவரெல்லாம் திருடப் போவதில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. அதனால் அதே வாரம் சட்டத்தையும் சொல்லிவிடுகிறோம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இல் 66டி என்ற பிரிவு, இன்னொருவராக நடித்துக் கணினி வழியாக ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. விளையாட்டுக்குக் கூட நண்பனின் பெயரில் கணக்குத் தொடங்கக் கூடாது என்பதை அங்கே வைத்துச் சொன்னால் காதில் ஏறுகிறது.

முகவரியைப் பார்த்தே ஒரு தளம் போலியா அசலா என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். எங்கிருந்து படிப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ‘ஹெச்டிடிபிஎஸ்’ என்பதையும் அதையடுத்த இரட்டைச் சாய்கோட்டையும் தாண்டுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டில் போய் நின்று, இடப்பக்கமாகப் பின்னோக்கிப் படியுங்கள். முதலில் எதிர்ப்படும், புள்ளியால் பிரிந்த இரண்டு துண்டுகள்தான் வீட்டுக்காரர் யார் என்று சொல்லும். அரசுத் தளம் போல ‘கவ்’, ‘இன்’ என்றோ, ‘கோ’, ‘இன்’ என்றோ முடிந்தால் மூன்று துண்டு பார்க்க வேண்டும். அவற்றுக்கு முன்னால் இருப்பதெல்லாம் வீட்டுக்காரர் தம் விருப்பப்படி வைத்துக்கொள்ளும் அறைப் பெயர்கள். அங்கே எந்த வங்கியின் பெயரையும் எழுதலாம். தடுப்பார் இல்லை.

வேலூருக்குள் காட்பாடி சாலை இருக்கிறது. பலகையில் காட்பாடி என்று பார்த்துவிட்டு ரயிலைப் பிடிக்க அங்கேயே இறங்கினால் வண்டி போய்விடும். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடுகிறது.

முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருக்கிறதே என்பார்கள். போகிற வழியில் யாரும் எட்டிப் பார்க்க முடியாது என்பதை மட்டுமே அது சொன்னது. போய்ச் சேரும் இடத்தில் இருப்பவர் யோக்கியரா என்று அதற்குத் தெரியாது. போலித் தளத்துக்கும் பூட்டுக்கான சான்றிதழ் சில நிமிடங்களில் இலவசமாகக் கிடைக்கும். மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் உலாவி 2023-இல் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு சின்னத்தை வைத்தது.

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ஒரே ஒரு செல்போன், அதுவும் அவர் வேலைக்குப் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிள்ளையைச் சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். எங்களிடம் ஆறு பழைய லேப்டாப்கள் இருக்கின்றன. அவற்றில் சில, அக்காவோ அண்ணனோ பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தவை (அந்தத் திட்டம் 2011-இல் தொடங்கியது). பேட்டரி செத்துவிட்டது, பிளக்கில் செருகினால் ஓடுகின்றன. நோட்பேடும் ஒரு உலாவியும் ஓடினால் இந்த வகுப்புக்குப் போதும். முதல் இரண்டு வாரம் எப்படியும் பென்சிலும் தாளும்தான். பக்கத்தை நோட்டில் வரையாமல் யாரையும் கீபோர்டில் கைவைக்க விடுவதில்லை.

என் மகனுக்குப் பதினொன்று. இன்ஸ்டாகிராம் கேட்டு அழுகிறான்.

அந்த நிறுவனமே 13 வயதுக்குக் கீழே கணக்கு வைக்கக் கூடாது என்கிறது. பிறந்த ஆண்டை மாற்றிப் போட்டுத் தொடங்கிக் கொடுக்கும் பெற்றோர் உண்டு. அப்படிச் செய்தால், சிறுவருக்கென்று அந்தத் தளம் வைத்திருக்கும் தடுப்புகள் அவனுக்குக் கிடைக்காமல் போகும், அவனைப் பெரியவனாகவே நடத்தும். நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் மேலே போய், 18 வயது வரை குழந்தை என்றே கணக்கிட்டு, அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அழட்டும். இரண்டு வருடம்தானே.

பிள்ளையின் செல்போனை நான் எடுத்துப் பார்க்கலாமா?

பார்க்கலாம், ஒளித்துப் பார்க்காதீர்கள். “ஞாயிற்றுக்கிழமை இரவு சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்” என்று முன்கூட்டிச் சொல்லுங்கள். தூங்கும்போது விரலை வைத்துத் திறந்து பார்த்த ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். பிள்ளை அதன் பிறகு இரண்டாவது கணக்கு ஒன்றைத் தொடங்கிக்கொண்டாள். அவர் இன்னும் பழைய கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பிள்ளைகள் கட்டும் பக்கத்தில் பெயர், போட்டோ, போன் நம்பர் போடலாமா?

முதல் பெயர் போதும். முகமும் பள்ளியின் பெயரும் வேண்டாம். போன் நம்பரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தத் தவற்றை நானே விட்டேன்.

பள்ளிகொண்டாவிலிருந்து வரும் ஒரு மாணவி தன் அம்மாவின் தையல் வேலைக்குப் பக்கம் கட்டினாள். ரவிக்கை மாதிரிகள், தைக்க ஆகும் நாள், கீழே அம்மாவின் செல் நம்பர். நன்றாக இருக்கிறது என்று நானும் ஏற்றச் சொல்லிவிட்டேன். இரண்டு வாரத்தில் இரவு பதினொன்றுக்கு மேல் அழைப்புகள். தைக்கக் கொடுக்க அல்ல. அந்த அம்மா என்னிடம் கோபப்படவே இல்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நம்பரை உடனே எடுத்தோம், ஆனால் இணையத்தில் ஒரு தடவை போனது எங்கெங்கே நகலாகி நிற்கும் என்று சொல்ல முடியாது. கடைசியில் அவர் சிம்மையே மாற்றினார். இப்போதெல்லாம் கடைக்குப் பக்கம் கட்டினால், வீட்டு நம்பர் போகாது. கடைக்கென்று தனி எண், அதுவும் வாட்ஸாப்பில் செய்தி மட்டும்.

படங்களையும் இரண்டு முறை பாருங்கள். ஒரு பையன் கரிகிரி மண்பாண்டங்களைப் பற்றி அருமையாக ஒரு பக்கம் கட்டினான். கறுப்பு ஜாடிகளின் படத்தை அவன் வீட்டுத் திண்ணையில் வைத்து எடுத்திருந்தான். பின்னால் கதவு எண், பைக்கின் நம்பர் பிளேட், கொடியில் உலரும் பள்ளிச் சீருடை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஜாடியைத் தவிர வேறு யாரும் எதையும் கவனிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததும் உண்டு: செல்போனில் இடங்காட்டி இயங்கினால், எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை படக் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும். ஏற்றும் முன் அதை நீக்கச் சொல்லிக்கொடுக்கிறோம்.

என் மகளின் படத்தை மாற்றி அசிங்கமாக ஆக்கிவிட்டு, பணம் கேட்டு மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

முதலில் மகளிடம், “இது உன் தவறு இல்லை” என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. மிரட்டுபவரின் பிடி முழுவதும் ‘அப்பாவுக்குத் தெரிந்துவிடும்’ என்ற பயத்தில்தான் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்துவிட்டது, நீங்கள் அவள் பக்கம் நிற்கிறீர்கள் என்றதுமே பிடி பாதி தளர்ந்துவிடும்.

பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அடுத்த வாரமும் கேட்பார்கள். பதில் சண்டையும் வேண்டாம், கணக்கை அழிக்கவும் வேண்டாம். எதிராளியின் கணக்குப் பெயர், எண், மிரட்டிய வாசகங்கள், தேதி ஆகியவற்றைத் திரைப்பிடிப்பு எடுத்து வையுங்கள். ஆனால் அந்தப் படத்தை மட்டும் சேமிக்கவோ, ‘ஆதாரம்’ என்று உறவினருக்கு அனுப்பவோ கூடாது. 18 வயதுக்குக் கீழானவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவதும் வைத்திருப்பதும் குற்றம். 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அனுப்பி வைத்தால் அதுவும் பரப்புவதுதான்.

பிறகு 1930-ஐ அழையுங்கள், அல்லது ‘சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன்’ தளத்தில் புகார் பதியுங்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்கு அதில் தனிப் பிரிவு இருக்கிறது, பெயரைச் சொல்லாமலும் புகார் தரலாம். நேரில் போவதென்றால் வேலூரிலேயே சைபர் கிரைம் காவல் நிலையம் உண்டு. பிள்ளை உடைந்துபோயிருந்தால் 1098, சிறுவர் உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள். ‘டேக் இட் டவுன்’ என்று ஓர் இலவசச் சேவையும் இருக்கிறது. படத்தை அவர்களுக்கு அனுப்ப வேண்டியதில்லை. உங்கள் செல்போனிலேயே அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை உருவாக்கி, அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, சேர்ந்திருக்கும் தளங்களில் அதே படத்தைத் தேடி நீக்க வழிசெய்கிறது.

பணம் போய்விட்டால்?

அதே 1930, உடனே. மணிக்கணக்கில் யோசித்தால் பணம் ஐந்தாறு கணக்குகளைத் தாண்டிவிடும். சீக்கிரம் சொன்னால் இடையில் நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகளிடம் நான் சொல்லும் ஒரே யுபிஐ விதி: பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையில்லை, கியூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. வீடியோ அழைப்பில் போலீஸ் உடுப்போடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொன்னால் அப்படி ஒன்று சட்டத்திலேயே இல்லை. இதைப் பிள்ளைகள் வீட்டில் தாத்தா பாட்டிக்குச் சொல்லிவிட்டு வந்து யார் என்ன பதில் சொன்னார்கள் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். அதுதான் ஏழாவது வார வீட்டுப்பாடம்.

டிடிபி கடையில் அடித்து வாங்கிய தமிழை ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துகளாக வருகிறது. ஏன்?

இது எனக்குப் பிடித்த கேள்வி. கல்யாணப் பத்திரிகை அடிக்கும் கடைகளில் இன்னும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. அவற்றில் கோப்புக்குள் இருப்பது தமிழே இல்லை. ‘தமிழ்’ என்ற சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் பதிவாகிறது. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்டதுபோல. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முகமூடி கழன்றுவிடும்.

எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடு வந்த பிறகு தமிழுக்கென்று தனி இடம் கிடைத்தது. அதில் ‘தமிழ்’ என்பது ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. அதைக் கோப்பில் பதியும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 15 பைட். தமிழக அரசு 2010-இல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது, கடைகள்தாம் இன்னும் ஏற்கவில்லை. கடைக்காரரிடம் யூனிகோடில் மாற்றித் தரச் சொல்லுங்கள், அல்லது எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு எடுங்கள். பக்கத்தின் தலைப்பகுதியில் யூடிஎஃப்-8 என்று ஒரு வரி எழுத மறந்தாலும் கட்டம் கட்டமாகவோ கோணல் குறிகளாகவோ வரலாம். மொழி ‘டிஏ’ (தமிழ்) என்றும் எழுதுங்கள். பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருள் அதை வைத்துத்தான் தமிழாக உச்சரிக்கும்.

மொழி என்றதும் நினைவுக்கு வருகிறது. சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் நோயாளிகளோடு வந்து மாதக்கணக்கில் தங்குவோர் நிறைய. அங்கே மெஸ் நடத்துபவரின் மகன் தமிழில் மட்டும் பக்கம் கட்டி வந்தான். “உங்கள் மெஸ்ஸில் சாப்பிடுவது யார்?” என்று கேட்டேன். அடுத்த வாரம் சாப்பிட வந்த ஓர் அண்ணனிடமே கேட்டு வங்காளியிலும் இந்தியிலும் எழுதி வாங்கி வந்துவிட்டான். மீன் குழம்பு விலை முதல் வரிக்கு ஏறியிருந்தது.

பக்கம் அழகாக இருக்க என்ன செய்ய வேண்டும்?

முதலில் ஓடும் எழுத்தையும் மின்னும் எழுத்தையும் எடுத்துவிடுங்கள். (எல்லாப் பிள்ளைகளும் இதில்தான் தொடங்குவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.) தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் வருவதால், ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி போதாது. எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது விடுங்கள். எழுத்துகளுக்கு நடுவில் இடைவெளியைக் கூட்டாதீர்கள், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்பது போலாகிவிடும். இருபுறமும் சமமாக வெட்டி நிறுத்தவும் வேண்டாம். நம் சொற்கள் நீளமானவை, வரிக்கு வரி ஓட்டை விழும். வெளிர்மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்து எழுதி வருபவரை வெளியே வெயிலில் கூட்டிப் போய் செல்போனில் படிக்கச் சொல்வேன். மே மாத வேலூர் வெயிலில் படிக்க முடிந்தால் எங்கேயும் படிக்கலாம்.

படம் என் கம்ப்யூட்டரில் தெரிகிறது, இணையத்தில் ஏற்றினால் தெரியவில்லை.

படத்தின் முகவரியில் உங்கள் கணினியின் சி டிரைவ் பெயர் இருக்கிறதா பாருங்கள். ஊருக்கு அது தெரியாது. இல்லையென்றால் கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்துக் குழப்பம். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், பக்கத்தை இணையத்தில் வைத்திருக்கும் சர்வர் கணினிகளில் பெரும்பாலானவை எடுத்துக்கொள்ளா. பத்தில் ஒன்பது தடவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

கூகுளில் கிடைத்ததை எடுத்துப் போட்டால் என்ன?

இரண்டு சிக்கல். படம் எடுத்தவருக்குச் சொந்தம், ‘கூகுள்’ என்பது எடுத்தவரின் பெயர் இல்லை. விக்கிமீடியா காமன்ஸ் என்ற இலவசப் படக் களஞ்சியத்தில் உரிமம் பார்த்து, எடுத்தவரின் பெயரோடு போடுங்கள். அல்லது கோட்டைக்கு நடந்துபோய் நீங்களே எடுங்கள், பஸ் ஸ்டாண்டிலிருந்து எவ்வளவு தூரம்?

மற்றது, பழைய தகவல். வேலூரைப் பற்றி எழுதும் பிள்ளைகளில் பாதிப்பேர் ‘சாமி இல்லாத கோயில்’ என்ற பழைய சொலவடையைக் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு வருகிறார்கள். 1981-இலேயே லிங்கம் திரும்ப வந்துவிட்டது. அதுவரை இருந்தது எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இதே சத்துவாச்சாரியில்தான், அவர்கள் உட்கார்ந்திருக்கும் மாடியின் பேட்டையில். இன்னொருத்தி ஆம்பூரையும் வாணியம்பாடியையும் வேலூர் மாவட்டம் என்று எழுதினாள். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு அவை திருப்பத்தூரில், ஆற்காடு ராணிப்பேட்டையில். அவள் எடுத்த பக்கம் எந்த ஆண்டில் எழுதியது என்று கீழே போட்டிருந்தது, பார்க்கவில்லை. தேதியைப் பார்க்கும் இந்தப் பழக்கம், வாட்ஸாப்பில் வரும் பழைய வெள்ள வீடியோவுக்கும் உதவுகிறது.

ஏஐ எழுதிக் கொடுத்துவிடுமே, நாங்கள் ஏன் டேக் கற்க வேண்டும்?

கொடுக்கும். எட்டாவது வாரத்துக்குப் பிறகு நாங்களே பயன்படுத்த விடுகிறோம். ஒரு நிபந்தனை: அது எழுதிய எந்த வரியை நான் தொட்டுக் காட்டினாலும் அது என்ன செய்கிறது என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாத வரியை அழித்துவிடுவோம். சிலருடைய பக்கத்தில் அப்புறம் தலைப்பு மட்டும்தான் மிஞ்சும்.

பக்கத்தை இணையத்தில் வைக்க எவ்வளவு செலவாகும்?

ஒன்றும் ஆகாது. இப்படிப்பட்ட எளிய பக்கங்களை கிட்ஹப் பேஜஸ் இலவசமாக வைத்துக்கொள்ளும், கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும். அதற்குக் கீழே இருப்பவர்களின் பக்கம் வகுப்புக் கணக்கில் இருக்கும். சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமென்றால் ஆண்டுக்கொரு முறை பணம் கட்ட வேண்டும். இந்த வயதில் அது வேண்டாம் என்பது என் கருத்து.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

பன்னிரண்டு ஞாயிறில் கிடைக்காது.

முதல் நாள் என்ன கொண்டுவர வேண்டும்?

கோடு போடாத நோட்டு, பென்சில், ரப்பர், தண்ணீர் பாட்டில். செல்போன் வேண்டாம். உங்கள் தெருவில் உள்ள ஏதாவது ஒரு கடையைப் பார்த்து, பலகையில் என்னென்ன எழுதியிருக்கிறது என்று வரிசை மாறாமல் எழுதிக்கொண்டு வாருங்கள். எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்பதையும் குறித்து வையுங்கள். அதிலிருந்துதான் தொடங்குவோம்.